ஜூலை, ஆகஸ்டில் சர்ஃபிங் பயணம்: பாலியா, வெலிகமவா, அறுகம்பேயா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: சென்னையை அடுத்த கோவளத்தில் ஓராண்டாகப் பழகுகிறோம். இடுப்பளவு அலை உடைவதற்கு முன்பே ஏறி நின்று ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு போகத் தெரியும். ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ நண்பர்கள் மூவர் பத்து நாள் வெளியே போக நினைக்கிறோம். பாலியா, இலங்கையா? இலங்கை என்றால் எல்லோரும் சொல்கிற வெலிகமவா? போர்டை இங்கிருந்தே கொண்டு போகலாமா? வேறு என்ன யோசிக்க வேண்டும்?

இலங்கைக்குப் போங்கள், ஆனால் வெலிகம வேண்டாம். கிழக்குக் கரையில் பொத்துவிலை ஒட்டிய அறுகம்பே உங்களுக்குச் சரியான இடம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். அது பிடிபட்டுவிட்டால் அடுத்த முறை வேறு எந்த வெப்பக் கடலுக்குப் போவதானாலும் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்கலாம்.

சர்ஃபிங் பயணத்தில் முதலில் முடிவாக வேண்டியது மாதம். ஊர் அதற்கு அப்புறம்தான். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பூமியின் தெற்குப் பாதியில் நடுக் குளிர்காலம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், 40 முதல் 50 பாகை தெற்கு அட்சரேகைகளில், புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அங்கே எழும் அலைகள் வடக்கே பயணப்படும்போது சிறியவை வழியிலேயே அடங்கிவிடும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நீண்ட நேர இடைவெளி கொண்டவை மட்டும் மிஞ்சும். இவற்றைத்தான் ஸ்வெல் என்பார்கள். 15 வினாடி இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் நகர்கிறது. இலங்கையை வந்தடைய ஐந்தாறு நாள் ஆகும். புயல் எழுந்த பிறகுதான் அலை புறப்படுகிறது என்பதால், ஐந்தாறு நாளுக்குள்ளான முன்கணிப்பை ஓரளவு நம்பலாம். இரண்டு வாரம் தள்ளிச் சொல்லும் கணிப்பை வைத்து விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

இந்த ஸ்வெல் வெலிகம இருக்கும் தென்மேற்குக் கரைக்கும் வருகிறது. உண்மையில் அங்கேதான் அதிக உயரத்தோடு வருகிறது. சிக்கல் காற்றில் இருக்கிறது. ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கிறது. அலையின் முகம் கலைந்து, ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக உடைகிறது, மழையும் கூடவே வருகிறது. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, தீவைக் கடந்து கிழக்குக் கரையில் நிலத்திலிருந்து கடலுக்குள் இறங்குகிறது. கிழக்கில் இதைக் கச்சான் என்பார்கள். எதிர்க்காற்று தாங்கிப் பிடிப்பதால் அலை உடனே சரிந்து விழாமல் நிமிர்ந்து நின்று, ஒரு முனையிலிருந்து சீராக உடைந்துகொண்டே போகும். கடல் ஒன்று, ஸ்வெல் ஒன்று, தீவின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

நவம்பர் வாக்கில் காற்று திரும்பும். வாடை கிழக்குக் கரையில் மழையைக் கொண்டுவரும், அறுகம்பேயில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். அப்போது வெலிகம, மிதிகம, ஹிக்கடுவப் பக்கம் கடல் தெளிந்து, ஏப்ரல் வரை அங்கே கொண்டாட்டம்தான். நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட வெலிகமப் படங்கள் அநேகமாக அந்த மாதங்களில் எடுத்தவை. மணல் தரை, மென்மையான அலை, தெருவுக்குத் தெரு பயிற்சியாளர்கள் என்று தொடக்கக்காரர்களுக்கு அருமையான விரிகுடா அது. ஜனவரியில் போங்கள்.

பாலிக்கும் இதே கணக்குதான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வீசும்போது மேற்குக் கரை நன்றாக இருக்கும், மழைமாதங்களில் காற்று மேற்குக்கு மாறும்போது சனூர், கெராமாஸ் இருக்கும் கிழக்குப் பக்கம். ஆகவே ஆகஸ்டில் பாலி தவறான தேர்வு இல்லை. ஆனால் உலுவத்து, பாடாங் பாடாங் போன்ற புகழ்பெற்ற அலைகள் கூரான பவளப்பாறை மேல், ஆழம் குறைந்த இடத்தில் வேகமாக உடைபவை. உங்கள் நிலையில் அவற்றைக் கரையிலிருந்து பார்க்கத்தான் முடியும். மிஞ்சுவது பெரும்பாலும் கூட்டம் நெரியும் கூத்தா போன்ற கடற்கரைகள். ஆகஸ்ட் அங்கே உச்ச சீசன் வேறு. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரப் பறப்பு போதும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி அறுகம்பே. அதை ஒரே அலை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகம். அது பல அலை முனைகள் (பாயிண்ட்) கொண்ட ஒரு நீண்ட கரை. வடக்கே லைட்ஹவுஸ், பொத்துவில் பாயிண்ட், விஸ்கி பாயிண்ட். நடுவில் விரிகுடாவுக்குள் பேபி பாயிண்ட்டும் மெயின் பாயிண்ட்டும். தெற்கே எலிஃபண்ட் ராக், பீனட் ஃபார்ம், பாணமை, கடைசியாக உகந்தை. தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்து ஒவ்வொரு முனையிலும் திரும்பி உள்ளே வருகிறது. வளையும்போது உயரம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் வரிசை ஒழுங்காகிவிடுகிறது. எல்லாமே ரைட். அலையில் போகிறவரின் வலப்பக்கமாக உடைந்துகொண்டே போகும்.

இந்தக் கடைசி விவரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களில் யாராவது வலது காலை முன்வைத்து நிற்பவர் என்றால் பத்து நாளும் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் கோவளத்தில் அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே பழகிவிட்டு வரட்டும்.

முதல் மூன்று நாள் பேபி பாயிண்ட்டும் பீனட் ஃபார்மும் போதும். பேபி பாயிண்ட் விரிகுடாவின் உள்ளே, சிறிதாக, பெரும்பாலும் மணல்மேல் உடைவது. பயிற்சிப் பள்ளிகளின் கூட்டம் இருக்கும், ஆனாலும் கடல் பழக அதுவே நல்ல இடம். பீனட் ஃபார்முக்கு ஆட்டோவில் போய்க் கொஞ்சம் மணலில் நடக்க வேண்டும், நடந்ததற்குப் பலன் உண்டு. விஸ்கி பாயிண்ட் அடுத்த படி: கரைக்கு வெகு அருகே உடைகிறது, கால் வைக்கும் இடத்தில் பாறைகள் இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால் பயமில்லை. பொத்துவில் பாயிண்ட்டுக்கு நல்ல ஸ்வெல் வேண்டும். அது வரும் நாளில் கரையோடு ஒட்டி, கால் கடுக்கும் அளவுக்கு நீளமாகப் போகலாம். முடிந்ததும் போர்டில் படுத்துக் கையால் துழாவித் திரும்பாமல் (பேடில் செய்யாமல்) மணலில் நடந்தே முனைக்குப் போய்விடலாம் என்பது புதியவர்களின் தோளுக்குப் பெரிய நிம்மதி.

மெயின் பாயிண்ட்தான் உலகம் அறிந்தது. 2019 செப்டம்பரில் உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்றுப் போட்டி அங்கே நடந்தது. அடியில் பவளமும் பாறையும், நீர் இறங்கும் இடங்களில் முழங்கால் ஆழம்தான், கடல்முள்ளெலிகள் வேறு. நல்ல நாளில் பல நூறு மீட்டர் ஓடும் அலை அது. உங்கள் மூவரில் யார் போகலாம் என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: உட்பக்கத்தில் கடைசியாக மெலியும் பகுதியில், சிறிய ஸ்வெல் இருக்கும் நாளில், அதிகாலையில், வேண்டிய அலையைப் பிடிக்கவும் வேண்டாத அலையை விட்டு விலகவும் தெரிந்தவர் போகலாம். முனையின் உச்சியில் உட்கார்வதற்கு இன்னும் இரண்டு சீசன் காத்திருங்கள்.

நாளின் ஒழுங்கு கிட்டத்தட்ட மாறாது. விடியற்காலையில் கடல் கண்ணாடி. ஒன்பது, பத்து மணி வரை கச்சான் நிலத்திலிருந்து மெல்ல வீசும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து நடுப்பகலுக்குள் அலை கலைந்துவிடும். சாயங்காலம் காற்று தணிந்தால் இன்னொரு சுற்று கிடைக்கும். ஐந்தரைக்குத் தண்ணீரில் இருப்பவருக்கும் எட்டு மணிக்கு வருபவருக்கும் கிடைக்கும் அலை வேறு, கூட்டமும் வேறு.

முன்கணிப்பைப் படிக்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு மீட்டர், 8 வினாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய பலமில்லாத அலை. ஒரு மீட்டர், 15 வினாடி என்றால் தூரத்திலிருந்து ஆழமாக வேரூன்றி வரும் அலை, முனையில் நிமிரும்போது எண்ணில் பார்த்ததைவிடப் பெரிதாகவே எழும். சென்னைக் கரையில் நீங்கள் பெரும்பாலும் பழகியது முதல் வகை. அதனால் பத்து நிமிடம் கடல் அசையாமல் கிடந்து, பிறகு ஐந்தாறு அலைகள் வரிசைகட்டி வரும் தாளம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். அமைதியாக இருக்கும் நேரத்தைப் பார்த்து இறங்கிவிடாமல், கால் மணி நேரமாவது கரையில் நின்று பெரிய வரிசை எங்கே உடைகிறது, மற்றவர்கள் எந்த வழியாக உள்ளே போகிறார்கள், எங்கே வெளியேறுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஸ்வெல் மூன்று நான்கு நாள் இருக்கும், பிறகு இரண்டு மூன்று நாள் இறங்கிவிடும். பத்து நாள் என்றால் இரண்டு ஸ்வெல்லாவது கிடைக்க வாய்ப்புண்டு. அதனால்தான் பத்து நாளை எல்ல என்ற மலையூர், கண்டி, காலி என்று பிரித்துவிட வேண்டாம் என்கிறேன். நீங்கள் மலையேறும் இரண்டு நாளில்தான் கடல் நன்றாக இருக்கும்! ஒரே ஊரில் தங்குங்கள். அலையில்லாத நாளில் பக்கத்திலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. குமண தேசியப் பூங்கா இருக்கிறது, வறட்சி மாதங்களில் யானைகள் கூடும் லகுகலைக் குளம் இருக்கிறது. உகந்தை முருகன் கோயில் கடலைப் பார்த்த பாறைக் குன்றின் அடியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் பொத்துவில், பாணமை வழியாக உகந்தைக்கு வந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் இறங்குவார்கள். கதிர்காமத் திருவிழாவை ஒட்டி நீங்கள் போக நேர்ந்தால் அந்தக் கரையில் காவி வேட்டிகளும் போர்டுகளும் ஒன்றாகத் தெரியும். அங்கே போர்டைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வேளை கும்பிட்டு வாருங்கள், சாப்பாடும் கிடைக்கும். கோயில் வளாகத்துக்குள் மேல்சட்டை இல்லாத கடற்கரை உடையில் போகாதீர்கள்.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். கொண்டு போக வேண்டாம். உங்கள் நிலையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு தேவைப்படும்: முதல் நாள்களில் எட்டு ஒன்பது அடியில் மேற்பரப்பு மென்மையான சாஃப்ட்டாப் போர்டு, நம்பிக்கை வந்ததும் ஏழரை அடிக் கடினப் போர்டு. அறுகம்பேத் தெருவில் வாடகைக்கு எல்லா அளவும் கிடைக்கின்றன, மாற்றிக்கொள்ளவும் விடுகிறார்கள். எடுக்கும்போது பழைய கீறல், உடைந்த ஓரம், அடியிலுள்ள துடுப்பின் (ஃபின்) ஆட்டம் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே போனில் படமெடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் வாக்குவாதம் முழுக்க இதில் தீர்ந்துவிடும். காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷை மட்டும் சொந்தமாகக் கொண்டு போங்கள். வாடகை லீஷ் எத்தனை சீசன் வெயிலில் வெந்தது என்று யாருக்கும் தெரியாது. அறுந்தால் உங்கள் போர்டு பின்னால் வருபவர் முகத்தில்தான் போய் நிற்கும்.

மூவரில் ஒருவர் தன் போர்டு இல்லாமல் முடியாது என்றால், விமான நிறுவனத்தின் நீள வரம்பையும் கட்டணத்தையும் சீட்டு வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஃபின்களைக் கழற்றி, மூக்கையும் வாலையும் துண்டுகளால் சுற்றி, ஓரங்களுக்குத் தெர்மோகோல் வைத்துக் கட்டுங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டால் மேலுறை கொப்பளித்து நுரையிலிருந்து பிரிந்துவிடும். கால் வழுக்காமல் இருக்கப் போர்டில் பூசும் வேக்ஸ் வெப்பக் கடலுக்கானதாக இருக்கட்டும். அங்கே நீர் 27 முதல் 29 டிகிரி, குளிர்நாட்டு வேக்ஸ் எண்ணெயாய் ஓடிவிடும். குளிர் தாங்கும் வெட்சூட் உடை தேவையில்லை. தோல் உராயாமல் காக்கும் முழுக்கை ரேஷ்கார்டு சட்டை இரண்டு, பாறைத் தளத்துக்கு ரீஃப் காலணி ஒரு ஜோடி போதும்.

உடம்பைத் தயார் செய்வதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள், முதலில் யோசிக்க வேண்டியது அது. கோவளத்தில் வாரக்கடைசியில் இரண்டு மணி நேரம் செய்த தோள், அங்கே தினமும் நான்கு மணி நேரம் பேடில் செய்ய ஒத்துழைக்காது. மூன்றாம் நாள் கை தூக்க முடியாமல் ஹோட்டலில் படுத்திருப்பவர்கள் எல்லாச் சீசனிலும் உண்டு. ஆறு வாரம் முன்பிருந்தே வாரத்துக்கு மூன்று முறை நீச்சல் போங்கள். படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுந்து நிற்கும் பாப்-அப், தரையில் தினமும் இருபது. டெட்டனஸ் ஊசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பவளம் கீறினால் அது சின்னக் கீறல் மாதிரிதான் இருக்கும். உள்ளே நுண்துகள் தங்கிச் சீழ்பிடிப்பதுதான் தொல்லை. உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவி, துகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, கிருமிநாசினி போடுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். வெப்பக் கடலில் இன்னொரு தொல்லை காது. ஈரம் தங்கி வெளிக்காதில் கிருமித்தொற்று வரும், குச்சி விட்டுக் குடைந்தால் இன்னும் மோசம். தலையைச் சாய்த்து நீரை வடித்து, துண்டால் துடைத்தால் போதும். அறுகம்பே ஏறக்குறைய 7 பாகை வடக்கில் இருக்கிறது, செப்டம்பர் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்டும் அதற்குச் சளைத்ததில்லை. நம் தோல் கறுத்த தோல், ஒன்றும் ஆகாது என்று இருக்காதீர்கள். மூக்கு, உதடு, காதுமடல் மூன்றுக்கும் துத்தநாகக் களிம்பு கட்டாயம். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்ஃபிங் விபத்து அதில் அடங்குமா என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். பலவற்றில் அடங்காது.

எலிஃபண்ட் ராக், பீனட் ஃபார்ம் பக்கம் கடலுக்குப் பின்னால் இருக்கும் களப்புகளில் (காயல்களில்) முதலைகள் உண்டு. 2017 செப்டம்பரில் எலிஃபண்ட் ராக் அருகே களப்பு ஓரத்தில் ஒதுங்கிய பிரிட்டிஷ் இளைஞர் ஒருவரை முதலை இழுத்துப்போய் அவர் இறந்தார். கடலில் பயமில்லை. ஆனால் கை கழுவவோ மணலை அலசவோ களப்பில் இறங்கவே வேண்டாம்.

அலைக்குக் காத்திருக்கும் இடமான லைன்-அப்பில் நடந்துகொள்ள வேண்டிய ஒழுக்கம் பற்றிக் கோவளத்தில் உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருப்பார், பாயிண்ட் அலையில் அது இரட்டிப்பு முக்கியம். அலை உடையத் தொடங்கும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் விட்டுவிட வேண்டும். திரும்பிப் பேடில் செய்யும்போது அலையின் பாதைக்குக் குறுக்கே போகாமல் சுற்றிக்கொண்டு போங்கள். பெரிய அலை வந்ததும் போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு முங்குவதுதான் அங்கே அதிகம் கோபத்தைக் கிளப்பும் செயல். உள்ளூர்ப் பையன்கள் ஆண்டு முழுக்க அந்த முனையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், 2004 சுனாமி துடைத்துப்போட்ட கரையைத் திரும்ப எழுப்பியவர்களின் பிள்ளைகள். ஒரு நல்ல அலையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்தால் அடுத்ததை உங்களுக்கே கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

பொத்துவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தமிழ் இந்துக்களும் சிங்களவரும் சுற்றிலும் இருக்கிறார்கள். மற்ற நாட்டுப் பயணிகளுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது: ஆட்டோக்காரரிடம் நம் மொழியிலேயே இன்று எந்த முனை வேலை செய்கிறது என்று கேட்கலாம். அவர் விடிவதற்குள் இரண்டு முனையைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். பேச்சு வழக்கு வேறு, இரண்டு நாளில் காது பழகிவிடும். கடற்கரைத் தெருவைத் தாண்டி ஊருக்குள் போகும்போது ஆணோ பெண்ணோ தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் மூடியிருக்கும். காலைக்கு இடியப்பம், சொதி, சம்பல், ராத்திரிக்குக் கொத்து ரொட்டி என்று ஊர்க் கடைகளில் சாப்பிட்டால் கடற்கரை உணவகங்களில் ஆகும் செலவில் பாதி மிஞ்சும்.

விசா விதிகளும் கட்டணங்களும் சில ஆண்டுகளாக அடிக்கடி மாறுகின்றன, இலங்கை அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பார்த்து விண்ணப்பியுங்கள். கொழும்பு விமானங்கள் இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அறுகம்பேக்குக் காரில் ஏழெட்டு மணி நேரம். மூவர் என்றால் வாடகைக் கார் கட்டுப்படியாகும். கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தும் உண்டு, தனியாகப் போகிறவருக்கு அது மலிவு. அறையை முதல் மூன்று இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். இடம் பிடித்திருந்தால் நீட்டிக்கலாம், இல்லையென்றால் பேபி பாயிண்ட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் வேறு பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது விமானத்துக்கு முந்தின நாளே கிளம்பி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் ஒரு ராத்திரி தங்குங்கள். பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குப் போகும் ஏ4 சாலை லகுகலைக் காட்டை ஊடுருவுகிறது. பொழுது சாய்ந்ததும் யானைகள் சாலைக்கு ஏறும், விளக்கு வெளிச்சத்துக்கு எட்டும் முன் கண்ணில் படாது. காலையில் கடைசியாக ஒரு முறை கடலில் இறங்கிவிட்டு பத்து மணிக்குப் புறப்பட்டால், இருட்டுவதற்குள் காட்டுப் பகுதியைத் தாண்டி வெகுதூரம் போய்விடலாம்.